எட்டாவது கை பெல்ட்

எனக்குப் பயம் பிறவிக் குணம். கடை வைப்பதற்கு முன் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். கரண்டு ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கேரியர்களை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு பெட்டி முடிப்பதற்குள் நான் ஒன்றுதான் முடித்திருப்பேன். லாரி பள்ளத்தில் இறங்குவதும், பெட்டி சரிவதும், எல்லாம் சில்லுசில்லாகக் கொட்டுவதும் அடுக்கும்போதே கண்ணில் தெரியும். உடனே இன்னொரு கை வைக்கோல் அள்ளி வைப்பேன். "இந்த வைக்கோல மாட்டுக்குப் போட்டிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்பார் மேஸ்திரி.

அப்படிப்பட்டவன் கேமரா சாமான் கடை வைத்தது வேடிக்கைதான். ஸ்டூடியோக்காரர்கள் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு மெமரி கார்டுக்கும் பேட்டரிக்கும் கடலூர், சென்னை என்று பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பெட்டிக்கடை அளவு இடம் பிடித்து, அதையெல்லாம் வாங்கி வைத்தேன். ஸ்ரீமுஷ்ணம், மங்கலம்பேட்டை, திட்டக்குடிப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். என் கடையில் அதிகம் போனவை இரண்டு சாமான்கள். ஒன்று ரிமோட், இன்னொன்று கை பெல்ட்.

ரிமோட்டுகளை மங்கலம்பேட்டையிலிருந்து துபாய்க்குப் போயிருந்த ஒரு பாய், லீவில் வரும்போதெல்லாம் போர்வைக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்து தருவார். தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றைக் கேமராவின் தலையில் மாட்டிவிட்டு, கையிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் தூரத்திலிருந்தே படம் விழும். கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஒரு கையால் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே மறு கையால் படம் எடுத்துவிடலாம்.

கை பெல்ட் என்பது புறங்கையை அணைத்துப் பிடிக்கும் தோல் பட்டை. ஒரு முனையைக் கேமராவின் மேல் வளையத்தில் கோக்க வேண்டும். மறு முனை, அடியில் ஸ்டாண்டு மாட்டும் துளையில் திருகும் தகட்டில் இருக்கும். கல்யாண வீட்டில் நாள் முழுக்கக் கேமரா தூக்குபவர்களுக்கு மணிக்கட்டு விட்டுப்போகாமல் காக்கும். "விரல விரிச்சாலும் கேமரா வுழாதுங்க" என்று சொல்லி, வந்தவரின் கேமராவையே மாட்டி, விரலை விரித்துக் காட்டுவேன். விரிக்கிற அந்த நொடியில் கேமரா தரையில் சிதறிக் கிடப்பது எனக்குக் கண்ணில் தெரியும். அதை முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் நான் கற்ற வியாபாரம்.

சென்னைச் சரக்கு கேட்ட நேரத்துக்கு வராது. அதனால் ஒரு பெல்ட்டை மாதிரியாகக் கொடுத்து, ஜங்ஷன் ரோட்டில் வண்டி சீட் கவர் தைப்பவரிடம் தைத்து வாங்க ஆரம்பித்தேன். அசலைவிட எடுப்பாகவே இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் மங்கலம்பேட்டை ஸ்டூடியோக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, தன் பெல்ட்டைக் கடையின் கண்ணாடி மேசை மேல் போட்டார். "பஸ்ஸுல மடியில வெச்சிருந்தேன். பெல்ட்டு மட்டும் தனியா கையோட வந்துடுச்சுங்க" என்றார். தையல் நெடுக வாய் பிளந்திருந்தது. மடியில் இருந்ததால் கேமரா தப்பித்தது. அவர் வேறொன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மத்தியானச் சோற்றைத் திறக்காமலேயே கடையைச் சாத்தினேன்.

சீட் கவர் தைப்பவரிடம் ஓடினேன். அவர் நூலை உருவிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ஆமாங்க, நைலான் நூலு தீந்து போச்சு. நீங்க அவசரம் அவசரம்னீங்க. ஒரு டஜன மட்டும் சாதா நூலுல அடிச்சேன். ரெண்டும் கறுப்புதானே, என்னா தெரியப் போவுது?"

அவசரப்படுத்தியது நான்தான், மறுக்க முடியாது. அந்த டஜனுக்கு மட்டும் ஓரத்தில் பழுப்புத் தோல் மடித்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. மூன்று பெல்ட் என் கடையிலேயே தொங்கின. ஒன்று பிளந்து வந்துவிட்டது. மீதி எட்டும் எட்டுப் பேர் கையில் இருந்தன.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் போன் போட்டு முடித்திருக்கலாம். சொன்னால் மறுநாளே ஊர் ஊராகப் பரவும், அப்புறம் என் கடையில் ஒரு பேட்டரிகூட எவனும் வாங்கமாட்டான் என்று பயந்தேன். அதனால் பஸ் ஏறி ஒவ்வொரு ஸ்டூடியோவாகப் போய், "புது மாடல் வந்திருக்குதுங்க, பழசக் குடுத்துட்டு எடுத்துக்குங்க, காசு வேணாம்" என்று பொய் சொல்லி மாற்றினேன். இரண்டு வாரத்தில் ஏழு பெல்ட் திரும்பிவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு யாவாரியா!" என்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் அதையும் குடித்தேன்.

எட்டாவது பெல்ட் ஸ்ரீமுஷ்ணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரிடம் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் வாயைத் திறந்தால் ஊருக்கே கேட்கும். ஒருமுறை வேறு எங்கோ வாங்கிய பேட்டரி இரண்டே நாளில் செத்துப்போனதும், அதைக் கயிற்றில் கட்டி ஸ்டூடியோ வாசலில் தொங்கவிட்டு, விற்றவர் கடையின் பெயரை அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். கோயிலுக்கு வருகிறவர்களெல்லாம் நின்று படித்துவிட்டுப் போனார்கள். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்கிற ஆளும் அல்ல. "ஏன் சும்மா தரீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்.

மூன்று முறை ஸ்ரீமுஷ்ணம் போனேன். மூன்று முறையும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, அவர் யாரிடமோ சத்தம் போடுவதைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். முகூர்த்த நாள் வந்தால் காலையிலிருந்தே போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன் அடித்தால் அவர்தான், கேமரா விழுந்துவிட்டது என்றே நினைப்பேன். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் ஊரில் அம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் உள்ள சின்ன ஊர். புதுக் கோபுரம், மூன்று நிலை. குருக்கள் ஏறுவதற்காகச் சவுக்குக் கொம்பு கட்டிய சாரத்தைப் பிரிக்காமல் விட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. மனைவி தன் அக்காவைத் தேடிப் போனாள். நான் யாகசாலைப் பக்கம் ஒதுங்கியபோது, கையில் கேமராவோடு ஸ்ரீமுஷ்ணத்து அண்ணன் நின்றிருந்தார். ஊரார் படமெடுக்க அவரைத்தான் அமர்த்தியிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "வாங்க வாங்க! உங்க சாமான வெச்சு இன்னிக்கு ஒரு வித்த காட்டப்போறேன். மேல பாருங்க" என்று கோபுரத்தைக் காட்டினார். இரண்டாம் நிலைக்கு நேராக, சாரத்தின் குறுக்குக் கொம்பில், கீழே பார்த்தபடி இன்னொரு கேமரா தொங்கியது. அவர் கையிலிருந்த ரிமோட்டை அமுக்கினார். மேலே கேமராவின் தலையிலிருந்த ரிமோட் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னியது.

"தண்ணி ஊத்துற நேரத்துல மேல யாரையும் வுடமாட்டாங்களாம், ஐயருங்களும் ஊர்ப் பெரியவங்களும் மட்டும்தானாம். அதான் காலையிலேயே ஏறிக் கட்டிட்டு வந்துட்டேன். மொத்த ஜனமும் கைய தூக்கிக் கும்புடுறத மேலேருந்து ஒரே படத்துல புடிக்கப்போறேன்."

"எதுலண்ணே கட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உங்க கை பெல்ட்டுதான். கழுத்துப் பெல்ட்டு காத்துல ஆடி லென்ஸ மறைக்குது, கழட்டி எறிஞ்சிட்டேன். கை பெல்ட்ட கொம்புல சுத்தி இறுக்கிட்டேன். விரல விரிச்சாலும் வுழாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வெயிலில் பழுப்பு ஓரம் பளிச்சென்று தெரிந்தது. கேமரா, லென்ஸ், தலையில் ரிமோட் பெட்டி என்று ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அதன் நேர் கீழே தலை தலையாக ஜனம் நின்றது. இப்போது சொல்ல வேண்டும், சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அவரைச் சுற்றி விழாக் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் மாமனார் வீட்டு ஆட்கள் வேறு.

"கூட ஒரு கயிறு கட்டியிருக்கலாமேண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அட, நீங்க ஒண்ணு! இனிமே என்னைய ஏற வுடமாட்டாங்க. உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்க இல்லியா?" என்று சிரித்தார். அதற்குள் மேளம் கொட்டியது. யாகசாலையிலிருந்து தீர்த்தம் நிறைந்த கடங்கள் புறப்பட்டன. அவர் கையிலிருந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு கடத்துக்கு முன்னால் ஓடிப்போனார்.

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். கமிட்டிக்காரர் ஒருவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை விதமாகவும் யோசிக்கலாம். அன்றைக்கு என் கால் தானாகக் கோபுரத்தடிக்குப் போனது. கேமராவுக்கு நேர் கீழே போய் நின்றேன். விழுந்தால் என் மேல் விழட்டும், இல்லையென்றால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதைவிட மண்டை உடைவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

அது பெண்கள் நிற்கிற பக்கம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, நகருங்கம்மா" என்று இரண்டு கையையும் அகல விரித்துச் சுற்றிலும் இடம் பண்ணினேன். முதலில் ஏதோ கமிட்டி ஆள் என்று நினைத்து நகர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும் நகரவில்லை. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. சரியாக எனக்குப் பக்கத்தில், கேமராவுக்கு அடியில் நின்றாள்.

"அம்மா, அந்தப் பக்கம் போங்கம்மா."

"நான் ஏன் போவணும்? நான்தான் மொதல்ல வந்து நின்னேன்" என்றாள். தோளைப் பிடித்து ஒரு எட்டு தள்ளி நிறுத்தினேன்.

கடங்கள் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. குருக்கள் ஒவ்வொருவராக ஏறும்போதும் சாரம் நடுங்கியது. சாரம் நடுங்கும்போதெல்லாம் கேமரா மெல்ல ஆடியது. கொம்புக்கும் கேமராவுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு நின்ற அந்தப் பட்டையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. தையல் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கூட்டம் நெருக்கியதில் அந்தப் பெண் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றாள். தோளில் கை வைத்துத் தள்ளினேன். மூன்றாவது முறையும் வந்தாள். மூன்றாவது முறை கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது.

"பொம்பளைங்க நிக்கிற எடத்துல உனக்கென்னா வேல? கைய வெக்கிற!" என்று கத்தினாள். பின்னாலிருந்து யாரோ என் பிடரியில் ஒன்று வைத்தார்கள். இன்னொருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்தது. நான் காலை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். பத்தடி தள்ளி என் மனைவி, அக்காவோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருடன்! கருடன்!" என்று யாரோ கூவினார்கள். காலரைப் பிடித்தவரும் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். பறந்ததா, எத்தனை பறந்தது என்று எனக்குத் தெரியாது. மேலே கலசத்தில் தண்ணீர் விழுந்தது. ஜனம் மொத்தமும் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஓவென்று கத்தியது. வயலுக்கு மருந்தடிக்கிற மிஷின் ஒன்றைப் புதிதாக வாங்கி அதில் தீர்த்தத்தை நிரப்பியிருந்தார்கள். அது சாரத்தின் மேல், கேமராவின் மேல், பெல்ட்டின் மேல், என் முகத்தின் மேல் பொழிந்தது. நனைந்த பெல்ட் தாங்குமா? சிவப்பு விளக்கு மின்னியது. மறுபடி மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். அம்மனை ஒரு வார்த்தை கும்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

விழவில்லை. குருக்கள் இறங்கியதும் அண்ணன் ஏறிக் கேமராவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் போவதற்குள் என் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போவலாம். அன்னதானம்லாம் ஒண்ணும் வேணாம். எங்கூரு ஜனம் முன்னாடி மானத்த வாங்கிட்டீங்களே" என்றாள். விருத்தாசலம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் காரணத்தைச் சொல்லவில்லை. நான்கு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்து அண்ணனின் பைக் வந்து நின்றது. கையில் அதே கேமரா, அதே பெல்ட். வழக்கமாகத் தெருமுனையிலேயே குரல் கேட்கும். அன்றைக்கு ஒன்றுமே பேசாமல் வந்து, ஒரு பெரிய படத்தைக் கண்ணாடி மேல் வைத்தார். எனக்கு அந்த அமைதியைப் பார்த்துத்தான் அதிகம் பயம் வந்தது.

அருமையான படம். கோபுர வாசல் முழுக்க, கூப்பிய கைகள் நூற்றுக்கணக்கில் மேலே நீண்டிருந்தன. நடுவில் ஒருவன் மட்டும் கும்பிடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, மரத்திலிருந்து யாரோ தேங்காய் பறித்துப் போடுவதைப் பிடிக்கப்போகிறவன் மாதிரி, விரித்த கையோடு நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் அந்தப் பெண் அழுகிற முகத்தோடு நின்றாள்.

"இது யாரு?" என்றார்.

"நான்தாண்ணே."

"இது யாருன்னு தெரியுமா?" அவர் விரல் அந்தப் பெண்ணின் மேல் இருந்தது.

"தெரியாதுங்க."

"எங்கூட்டுக்காரி. இடுப்புல இருக்கிறது எம்பொண்ணு. ஒருத்தன் மூணு தடவ மேல கைய வெச்சான்னு அன்னிக்கு ராவெல்லாம் அழுதா. ஆளக் காட்டுடின்னு படத்தப் போட்டா, உன்னையக் காட்டுறா." அதுவரை நீங்க என்று பேசியவர் நீ என்றார். "ஒரு வருஷமா உங்கடையில சாமான் வாங்கறேன். நீயே சொல்லு, நான் என்னா பண்ணட்டும்?"

கூட்ட நெரிசல் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்கமாட்டார். அடித்திருப்பார், நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். கடை பிழைத்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் படத்தில் பார்த்த பிறகு அந்தப் பொய் வாயில் வரவில்லை. நான் தப்பான எண்ணத்தில் கை வைத்தேன் என்றுதான் என் மனைவியும் இந்த நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கேமரா வுழுந்துடும்னு பயந்தேண்ணே. அவங்க அதுக்கு நேர் கீழ நின்னாங்க. அதான் தள்ளுனேன்."

"கேமரா ஏன் வுழும்?"

"அந்தப் பெல்ட்ட கழட்டி இழுத்துப் பாருங்க."

அவர் கேமராவைக் கண்ணாடி மேல் வைத்து, தகட்டைத் திருகிக் கழற்றி, பெல்ட்டின் இரு முனையையும் பிடித்து இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. என்னை முறைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழு இழுத்தார். தையல் முனையிலிருந்து முனை வரை கறகறவென்று பிரிந்து, பட்டை இரண்டாகக் கையோடு வந்தது.

நூலைப் பற்றி, அந்த டஜனைப் பற்றி, புது மாடல் என்று சொல்லி மாற்றியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியதைக்கூடச் சொன்னேன்.

"எத்தன நாளா தெரியும் உனக்கு?"

"ரெண்டு மாசமா."

கத்துவார் என்று காத்திருந்தேன். வாடிக்கையாளர் உட்கார நான் போட்டிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். பிரிந்த இரண்டு துண்டும் அவர் கையிலேயே இருந்தன. அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "படத்துல நல்லா வுழட்டும்னு நான்தான் அவள அங்க நிக்க சொன்னேன். கேமராவுக்கு நேர் கீழ நில்லு, யாரு வந்து தள்ளுனாலும் எடத்த வுட்டு நவுராதன்னு சொல்லிட்டுப் போனேன்."

இரண்டு பேரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்து, அண்ணாந்து, மேலே மின்னிய சிவப்பு விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.